வேலூரில் பிள்ளைக்குச் சதுரங்கப் பயிற்சி: பள்ளி கிளப், அகாடமி, வீட்டு ஆசிரியர், ஆன்லைன் – எதை, எப்போது?

பிள்ளையைச் சதுரங்க வகுப்பில் சேர்க்கக் கிளம்பும் பெற்றோர் முதலில் கேட்பது ஃபீஸ். அடுத்து, கோச் எவ்வளவு ரேட்டிங் (ஆட்டபலத்தைக் காட்டும் புள்ளி) வைத்திருக்கிறார் என்பது. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் பிள்ளை முன்னேறுவதும் ஒரே இடத்தில் நிற்பதும் வேறொன்றைப் பொறுத்தது. பிள்ளை ஆடி முடித்த ஆட்டத்தை, விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மூவ் மூவாகப் பார்க்கிறாரா, இல்லையா? வேலூர் வட்டாரத்தில் கிடைக்கும் வழிகளை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

ஆரம்ப நிலைப் பிள்ளைகள் தோற்பது ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ் வரிசை) தெரியாததால் அல்ல. காயைக் காவல் இல்லாமல், எதிராளி இலவசமாக வெட்டும்படி சும்மா விட்டுவிடுகிறார்கள். எதிராளி கடைசியாக வைத்த மூவ் எதற்கு என்று பார்ப்பதில்லை. ஜெயிக்கிற ஆட்டத்தில் ஸ்டேல்மேட் கொடுத்து, அதாவது செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழி இல்லாதபடி செய்து, டிரா செய்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை மூன்றாவது மூவிலேயே ராணியை வெளியே கொண்டுவந்துவிட்டு, பிறகு ஆட்டம் முழுக்க அதைக் காப்பாற்றவே ஓடும். இன்னொன்று கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்தி ராஜாவைப் பாதுகாப்பது) என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடும். மற்றொன்று இருபது நிமிடம் அழகாக ஆடும். பிறகு சலிப்புத் தட்டி, கை போன போக்கில் வைக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எல்லோருக்கும் பொதுவாகச் சுவரில் மாட்டிய போர்டில் ஒரு பாடம் நடத்தினால் இந்த மூன்று குறையும் அடுத்த வருடமும் அப்படியே இருக்கும்.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது?

சேர்க்கும் இடத்தைத் தேடுவதற்கு முன் வீட்டிலேயே அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிடலாம். பெற்றோருக்குக் காய் நகர்த்தத் தெரிந்தால் போதும். ராஜாவையும் ராணியையும் பிள்ளைக்குக் கொடுங்கள். வெறும் ராஜாவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஆடினால் பத்து மூவுக்குள் மேட் (ராஜாவால் தப்ப முடியாத செக்) ஆகிவிடும். போர்டில் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை பெயர். உங்கள் ராஜா மூலையில், ஏ8 கட்டத்தில் இருக்கும்போது பிள்ளை ராணியைக் கொண்டுபோய் சி7-இல் வைத்தால் அதுதான் ஸ்டேல்மேட்: ராஜாவுக்குச் செக் இல்லை, நகர இடமும் இல்லை. மூலையில் இருக்கும் ராஜாவிலிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைக்கக் கூடாது என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, ஒரே மூவில் மேட் செய்யும் புதிர்கள் பத்துக் கொடுங்கள். கடைசியாக, ஒரு ஆட்டத்தின் முதல் ஐந்து மூவை எழுதச் சொல்லுங்கள்.

காய் நகர்த்தலிலேயே தடுமாறினால் பிள்ளை தொடக்கநிலை. அதற்குக் காசு கொடுத்து கோச் வைக்கத் தேவையில்லை. காய் நகர்த்தல் சரி, ஆனால் மேட் வரவில்லை, எழுதத் தெரியவில்லை என்றால் இரண்டாம் நிலை. வேலூரில் வகுப்புக்குப் போகும் பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் இருப்பார்கள். மூன்றும் வருகிறது, டோர்னமென்ட்டும் ஆடத் தொடங்கிவிட்டது என்றால் மூன்றாம் நிலை. எந்த வழி என்பதை முடிவு செய்வது வயதை விட இந்த நிலைதான். ஐந்து வயதில் தொடங்கலாம், பத்து வயதில் தொடங்கினாலும் தாமதமில்லை. பத்து வயதுப் பிள்ளை, ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் பிடிக்கும் பாடத்தைச் சில வாரங்களில் முடித்துவிடும்.

வீட்டிலேயே முதல் இரண்டு மாதம்

தொடக்கநிலைப் பிள்ளைக்கு எங்கள் பரிந்துரை இதுதான். சுருட்டி வைக்கும் வினைல் போர்டும் பிளாஸ்டிக் காய்களும் வாங்குங்கள். டோர்னமென்ட் அளவு என்றால் கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ராஜா சுமார் 9.5 சென்டிமீட்டர் உயரம். மடக்கு காந்தப் போர்டு பயணத்துக்கு ஆகும். அதிலேயே பழகிய பிள்ளை டோர்னமென்ட் ஹாலில் பெரிய போர்டின் முன் உட்காரும்போது, தூரத்திலிருந்து குறுக்காக வரும் பிஷப்பைத் தவறவிடும்.

எல்லாக் காயையும் முதல் நாளே அடுக்க வேண்டாம். எட்டுச் சிப்பாய்க்கு எட்டுச் சிப்பாய், யார் முதலில் கடைசி வரிசையைத் தொடுகிறாரோ அவருக்கு ஜெயம். இந்த விளையாட்டை ஒரு வாரம் ஆடினால் சிப்பாய் நேராகப் போய்க் குறுக்காக வெட்டும் என்பது தானாகப் பதியும். பிறகு ராஜாவைச் சேருங்கள், பிறகு யானை, பிஷப், ராணி, கடைசியாகக் குதிரை. லிசெஸ் (Lichess) என்ற சதுரங்க இணையதளத்தில் காய் நகர்த்தலைப் படிப்படியாகக் கற்றுத்தரும் பகுதி இருக்கிறது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. அதில் கிட்ஸ் மோடைப் போட்டுவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையோடு சாட் செய்ய முடியாது.

இந்த வழிக்கு எல்லை ஒன்று உண்டு. பிள்ளை உங்களை ஜெயிக்கத் தொடங்கியதும் அதன் தவறைக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. அந்த நாள் வந்துவிட்டால் வெளியே போக வேண்டியதுதான்.

பள்ளி கிளப்

அலைச்சல் இல்லை, கூட ஆட நண்பர்கள் இருக்கிறார்கள், செலவு குறைவு. பள்ளி முடிந்ததும் அங்கேயே நடப்பதால், காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்று போகும் வேலை மிச்சம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் வாசல். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அரசுப் பள்ளிகளில் போட்டிகள் நடத்தப்பட்டன, போர்டே பார்க்காத பிள்ளைகள் பலர் அப்போதுதான் காயைத் தொட்டார்கள்.

குறை எங்கே என்றால், வாரத்துக்கு ஒரு பீரியட், முப்பது பிள்ளை, ஒரு ஆசிரியர். ஜூன் பிறந்தால் புதிய பிள்ளைகள் சேருவார்கள். பாடம் மறுபடியும் ‘குதிரை எப்படிப் போகும்’ என்பதிலிருந்து தொடங்கும். மூன்று வருடம் கிளப்பில் இருந்தும் இரண்டு யானையை வைத்து மேட் செய்யத் தெரியாத பிள்ளைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். பள்ளிக்குக் கோச் வெளியிலிருந்து வருகிறார் என்றால் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: பழைய பிள்ளைகளைத் தனி மேசையில் உட்கார வைத்து வேறு வேலை கொடுக்கிறீர்களா? ஆம் என்றால் இரண்டாம் வருடமும் தொடரலாம். இல்லை என்றால், முதல் வருடத்தோடு அதைப் பழகுவதற்கான இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, கற்றுக்கொள்ள வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

அகாடமி

சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், பாகாயம் போன்ற பகுதிகளில் இருப்பவர்களுக்கு நடந்தோ பத்து நிமிட வண்டிப் பயணத்திலோ போகும் தூரத்தில் ஏதாவதொரு வகுப்பு அமைந்துவிடும். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு பக்கம் இருப்பவர்கள் வேலூர் வர ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டிவரும். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரப் பயணம் வாரம் இரண்டு முறை என்றால் சின்னப் பிள்ளையால் மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வாரம் ஒரு நேரடி வகுப்பு, மற்றபடி ஆன்லைன் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அகாடமியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,500 ரூபாய், எட்டு வகுப்பு, வகுப்பு ஒரு மணி நேரம், பன்னிரண்டு பிள்ளை, ஒரு கோச் என்று வைத்துக்கொள்வோம். கோச் முழு நேரமும் பிள்ளைகளிடமே செலவழித்தாலும் தலைக்கு ஐந்து நிமிடம். மாதத்துக்கு நாற்பது நிமிடம். இதே இடத்தில், ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபாய் வாங்கும் வீட்டு ஆசிரியரை மாதம் நான்கு முறை வரவழைத்தால் 2,000 ரூபாய்க்கு 240 நிமிடம். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு இதேபோல் கணக்கிடுங்கள். குறைந்த ஃபீஸ் என்று தோன்றியது சில சமயம் அப்படி இருக்காது.

ஆனால் நிமிடக் கணக்கோடு விஷயம் முடியவில்லை. அகாடமி தருவதும் வீட்டு ஆசிரியரால் தர முடியாததும் எதிராளிகள். தன் வயதுக்காரர் பத்துப் பேரோடு மாறி மாறி ஆடும் பிள்ளைக்கு, தோல்வியைத் தாங்கவும், கடிகாரத்தோடு ஆடவும், தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்ற விதியோடு வாழவும் பழக்கம் வந்துவிடுகிறது. ஒரே பெரியவரோடு மட்டும் ஆடும் பிள்ளைக்கு இது வராது. பெண் பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தால் அந்த பேட்சில் வேறு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று பாருங்கள். தனியாக ஒருத்தி மட்டும் என்றால் ஆட்டம் பிடித்திருந்தும் நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

டிரையல் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கோச் எவ்வளவு நேரம் பேசுகிறார், பிள்ளைகள் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்று கவனியுங்கள். நல்ல கோச் ஒரு பொசிஷனை வைத்துவிட்டுக் காத்திருப்பார். பதில் சொல்லும் பிள்ளையிடம் ‘அதற்கு எதிராளி என்ன வைப்பான்?’ என்று கேட்பார். முதலில் கையைத் தூக்கும் இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்து வகுப்பை ஓட்டுகிறவரிடம் மற்ற பத்துப் பேரும் பார்வையாளர்கள்தான்.

இன்னொரு அடையாளம், ‘நாலு மூவ் மேட்’. வெள்ளை ராணி எச்5-க்கு வரும், பிஷப் சி4-க்கு வரும், கறுப்பு கவனிக்காவிட்டால் எஃப்7-இல் மேட். இதை முதல் மாதமே ஜெயிக்கும் தந்திரமாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் உண்டு. பிள்ளை இரண்டு டோர்னமென்ட்டில் கோப்பையோடு வரும், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்றாவது டோர்னமென்ட்டில் எதிராளி சிப்பாயை ஜி6-க்குத் தள்ளுவான். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி மிரட்டினால் குதிரை எஃப்6-க்கு வந்து வழியை அடைக்கும். இப்போது கறுப்பின் காய்கள் வெளியே வந்துவிட்டன, வெள்ளை ராணியோ வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்கு மேல் என்ன செய்வது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதே பாடத்தை ‘இதை எப்படித் தடுப்பது, ஏன் இது கெட்ட திட்டம்’ என்று நடத்தும் கோச்சிடம் தயங்காமல் சேர்க்கலாம்.

கோச்சின் தகுதியைச் சரிபார்ப்பது சுலபம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் ரேட்டிங் வரும். பயிற்சியாளர் பட்டங்கள் ஐந்து படிகளில் இருக்கின்றன: டெவலப்மென்டல் இன்ஸ்ட்ரக்டர், நேஷனல் இன்ஸ்ட்ரக்டர், ஃபிடே இன்ஸ்ட்ரக்டர், ஃபிடே டிரெய்னர், ஃபிடே சீனியர் டிரெய்னர். விசிட்டிங் கார்டில் ‘இன்டர்நேஷனல் கோச்’ என்று மட்டும் போட்டிருந்தால் இந்த ஐந்தில் எது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இரண்டாம் நிலைப் பிள்ளைக்கு 1500, 1600 ரேட்டிங் உள்ள பொறுமைசாலி, 2200 ரேட்டிங் உள்ள அவசரக்காரரை விட மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. மூன்றாம் நிலைக்குப் போகும்போது கோச்சின் ஆட்டபலம் முக்கியமாகிறது. அப்போது பிள்ளையின் ரேட்டிங்கைவிட சில நூறு புள்ளிகளாவது கூடுதலாக உள்ளவர் வேண்டும்.

அகாடமி வாசலில் பேனரில் இருக்கும் ஒரு பிள்ளையின் கோப்பையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளை எங்கே கற்றிருந்தாலும் ஜெயித்திருக்கக்கூடும். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் சாதாரணப் பிள்ளைகள் எப்படி ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் நடக்கும் பல டோர்னமென்ட்டுகளின் முடிவுகள் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் ரவுண்ட் வாரியாகக் கிடைக்கின்றன. நாலைந்து பெயர்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்.

வீட்டு ஆசிரியர்

நேரத்துக்குப் பெறுமதி அதிகம் என்பதை மேலே கணக்கில் பார்த்தோம். பொதுவாகக் கூச்சமுள்ள பிள்ளைக்கும், வகுப்பில் பின்தங்கிவிட்ட பிள்ளைக்கும் இது நல்ல வழி. மொழியையும் யோசிக்க வேண்டிய ஊர் இது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள், காட்பாடிக்கு வடக்கே தெலுங்கு பேசும் பிள்ளைகள், மருத்துவமனை, பல்கலைக்கழக வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று பலர். ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘உன் காய் ஏன் போச்சு’ என்பதை அதன் வாய்மொழியில் கேட்டால்தான் பதில் வரும். ஆங்கில வகுப்பில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை சில. ஆசிரியர் பிள்ளையோடு வெறுமனே ஆடிவிட்டுப் போனால் அது பயிற்சி அல்ல. ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் புதிர், இருபது நிமிடம் பிள்ளையின் சமீபத்திய ஆட்டம், இருபது நிமிடம் புதுப் பாடம், மீதி அதே பாடத்தை வைத்து ஒரு சின்ன ஆட்டம் என்ற அளவில் இருந்தால் நல்லது. எட்டு வயதுக்குக் கீழே என்றால் முக்கால் மணி நேரத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். வகுப்பு ஹாலில், வீட்டுப் பெரியவர் கண்ணெதிரே நடக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வீட்டு ஆசிரியர் வைத்தாலும் மாதம் இரண்டு முறையாவது வெளியே வேறு பிள்ளைகளோடு ஆட ஏற்பாடு வேண்டும்.

ஆன்லைன்

கே.வி.குப்பத்திலோ சோளிங்கரிலோ இருக்கும் பிள்ளைக்கும் நல்ல கோச் கிடைக்க வழி செய்தது இதுதான். மூன்றாம் நிலைப் பிள்ளைக்கு, உள்ளூரில் தன்னை மிஞ்சிய கோச் கிடைக்காதபோது வேறு வழியும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் வகுப்பா, குழுவா என்றால், குழுவில் ஆறு பேருக்கு மேல் போனால் கேமராவை அணைத்துவிட்டு வேறு ஏதோ பார்க்கும் பிள்ளையைக் கோச்சால் கண்டுபிடிக்க முடியாது. பதிவு செய்த வீடியோக்கள் பெரியவர்களுக்கு உதவும்; எட்டு வயதுப் பிள்ளை வீடியோவைப் பார்க்குமே தவிர யோசிக்காது.

மொபைலில் வேண்டாம், லேப்டாப் அல்லது டேப்லெட், பக்கத்தில் நிஜப் போர்டு. கோச் திரையில் வைக்கும் பொசிஷனைப் பிள்ளை தன் போர்டில் அடுக்கி, அதைப் பார்த்து யோசிக்க வேண்டும். திரையிலேயே வளர்ந்த பிள்ளைகள் நேரில் வந்து உட்காரும்போது கண் தடுமாறுவதைத் தவிர்க்க இதுதான் வழி.

இன்னொரு முக்கியமான விஷயம், பெற்றோர் பலர் கவனிக்காதது: ஆன்லைன் தளத்தில் ஒரு காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்களில் புள்ளி தெரியும். ராஜாவுக்குச் செக் இருந்தால் தளமே சிவப்பாகக் காட்டும். தவறான மூவை வைக்கவே விடாது. இந்த உதவியோடு ஆயிரம் ஆட்டம் ஆடிய பிள்ளை, நேரில் செக்கைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கிவிடும். அது விதிமீறிய மூவ். கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் முதல் முறை என்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். இரண்டாவது முறை ஆட்டமே போய்விடும். அமைப்புகளில் போய் அந்தப் புள்ளிகளை அணைத்துவிடுங்கள். அதேபோல் சிப்பாய் கடைசி வரிசையை எட்டும்போது, ராணி கையில் கிடைக்காமல் யானையைத் தலைகீழாக வைத்து ‘இது ராணி’ என்று சொல்லும் பழக்கம் வீடுகளில் உண்டு. டோர்னமென்ட்டில் ஆர்பிட்டர் (நடுவர்) அதை யானை என்றுதான் எடுத்துக்கொள்வார். கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, ராணி கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கேஸ்லிங் செய்யும்போது ராஜாவைத்தான் முதலில், ஒரே கையால் தொட வேண்டும் என்பதும் நேரடிப் பழக்கத்தில்தான் வரும்.

மூன்று நிமிட ஆட்டங்கள் ஆடுவதைத் தடுத்துவிடுங்கள். தோற்றால் உடனே அடுத்தது, ஜெயித்தால் உடனே அடுத்தது என்று ஒரு மணி நேரத்தில் பதினைந்து ஆட்டம் ஓடும். ஒன்றிலும் யோசனை இருக்காது. பதினைந்து நிமிடமும் மூவுக்குப் பத்து விநாடியும் வைத்து நாளுக்கு ஒரு ஆட்டம் போதும். ஆட்டம் முடிந்ததும் இன்ஜின் (ஆட்டத்தை ஆராயும் கணினி நிரல்) எந்த மூவ் தவறு என்று சிவப்பில் காட்டும். ஆனால் பிள்ளை ஏன் அந்த மூவை வைத்தது என்பது இன்ஜினுக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தான் கோச். ஆட்டத்தின் நடுவே இன்ஜினைப் பார்த்து வைத்தால் தளம் கண்டுபிடித்து கணக்கை மூடிவிடும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோடை முகாம், சென்னை

வேலூர் மே மாத வெயிலில் பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்க முகாம் நல்ல ஏற்பாடு. ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் உதவும். பத்து நாளில் இருபது மணி நேரம் படித்ததை ஜூனில் யாரும் தொடராவிட்டால் தீபாவளிக்குள் பாதி மறந்துவிடும். அதைப் பயிற்சி என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சென்னையில் பிரக்ஞானந்தா, வைஷாலி போன்றவர்களை உருவாக்கிய ஆர்.பி. ரமேஷின் செஸ் குருகுலம் போன்ற இடங்கள் இருக்கின்றன. காட்பாடியிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான் என்றாலும், இரண்டாம் நிலைப் பிள்ளைக்காக வாராவாரம் அந்தப் பயணம் வீண். மாநில அளவில் தொடர்ந்து நல்ல இடம் பிடிக்கும் பிள்ளைக்கு மட்டும், விடுமுறையில் ஒரு வாரம் சென்று வரலாம்.

ரேட்டிங் வாக்குறுதி

‘ஆறு மாதத்தில் ஃபிடே ரேட்டிங்’ என்று சொல்லிச் சேர்க்கை நடக்கிறது. அதன் உள்ளே இருக்கும் கணக்கைத் தெரிந்துகொண்டால் மயங்க மாட்டீர்கள். முதல் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது ஆடியிருக்க வேண்டும். முதல் டோர்னமென்ட்டில் சுழியம் எடுத்தால் அது கணக்கில் சேராது. 2024 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச ரேட்டிங் 1400. அதோடு, 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாகவும் சேர்த்தே முதல் ரேட்டிங்கைக் கணக்கிடுகிறார்கள். சராசரி 1500 உள்ள ஐந்து பேரோடு ஆடி ஒரே ஒரு வெற்றி பெற்று, நான்கில் தோற்றாலும் 1420-க்கு மேல் வந்துவிடும். ஆகவே முதல் ரேட்டிங் வந்ததே நல்ல பயிற்சிக்குச் சான்று ஆகாது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது கே எண். சின்னப் பிள்ளைகளுக்கு அது 40. தனக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 20 புள்ளி போகும். 1420-இல் இருக்கும் பிள்ளை, சமமானவர்களிடம் இரண்டு ஆட்டம் தோற்றால் 1400-க்குக் கீழே போய்ப் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். அந்த ஏமாற்றத்தில் ஆட்டத்தையே விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. எழுதத் தெரியாத, ஒரு மணி நேரம் உட்கார முடியாத பிள்ளையை ரேட்டிங் டோர்னமென்ட்டுக்கு இழுத்துச் செல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் ஒருநாள் டோர்னமென்ட்டுகளே முதல் வருடத்துக்குப் போதும்.

ஒருநாள் டோர்னமென்ட்டில் ஒரு குறை: நேரம் குறைவு என்பதால் மூவ்களை எழுதும் கட்டாயம் இல்லை. ஆறு ரவுண்ட் ஆடிவிட்டு வரும் பிள்ளையிடம் கோச் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் ஒவ்வொரு ரவுண்டும் முடிந்து வெளியே வந்ததும், அடுத்த ரவுண்டுக்கு முன், நினைவிலிருந்து முதல் பத்து மூவையும், ஆட்டம் எங்கே திரும்பியது என்பதையும் ஒரு நோட்டில் எழுத வையுங்கள். முதலில் நான்கு மூவ்தான் ஞாபகம் வரும். பழகப் பழக முழு ஆட்டமும் வரும். அகாடமியில் வாரம் ஒரு ஆட்டமாவது எழுதி ஆட வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேர்வுப் போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் மாவட்ட சங்கப் பதிவும், அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பின் பதிவும் வேண்டும். பிறப்புச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். வயது ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆற்காட்டிலோ வாலாஜாவிலோ வீடு, வேலூரில் பள்ளி என்று இருப்பவர்கள் எந்த மாவட்டத் தேர்வில் ஆடுவது என்பதை, நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே இரு பக்கச் சங்கத்திடமும் கேட்டுவிட வேண்டும்.

கையில் எதை எடுப்பது?

தொடக்கநிலை என்றால் வீடும் பள்ளி கிளப்பும். இரண்டாம் நிலை என்றால், பத்து நிமிடத் தூரத்தில், பேட்சில் எட்டுப் பேருக்குள் இருக்கும் அகாடமி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பேட்ச் பெரிது என்றால் அகாடமி வாரம் ஒரு நாள், தனி வகுப்பு மாதம் இரண்டு என்று கலந்துகொள்ளுங்கள்; முழு நேர அகாடமியை விட இது பலனுள்ளது, செலவிலும் பெரிய வித்தியாசம் வராது. ஊர் தள்ளி இருந்தால் ஆன்லைன் தனி வகுப்பு, கூடவே மாதம் ஒரு டோர்னமென்ட். மூன்றாம் நிலை என்றால் பலமான கோச்சிடம் ஆன்லைன், ஆடிப் பழக உள்ளூர் அகாடமி.

எங்கே சேர்ந்தாலும் முதல் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம், தள்ளுபடி கொடுத்தாலும். மூன்று மாதம் கட்டுங்கள். மூன்றாவது மாத முடிவில் நோட்டை எடுத்து, முதல் ஐந்து ஆட்டத்தையும் கடைசி ஐந்து ஆட்டத்தையும் பக்கத்தில் வைத்து, காயைச் சும்மா விட்ட இடங்களை எண்ணுங்கள். காய் வெட்டுப்படுவது தெரிந்தால் போதும், பெற்றோரே எண்ணிவிடலாம். எண்ணிக்கை குறைந்திருந்தால், கோப்பை ஒன்றும் வராவிட்டாலும் தொடருங்கள். குறையவில்லை என்றால் கோச்சிடம் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறேன் என்று குறிப்பாகச் சொல்கிறவருக்கு இன்னும் மூன்று மாதம் கொடுக்கலாம். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று நோட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தால், அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.